கரும்பு வெட்டு செட்டில் புதிதாகச் சேருகிறீர்களா? முன்பணப் பேச்சிலிருந்து எடைச் சீட்டு வரை

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கம் மழை ஓய்ந்து மார்கழி வாக்கில் ஆலைகள் அரவைக்குத் தயாராகும். அதற்கு முன்பே மேஸ்திரிகள் ஊர் ஊராக ஆள் சேர்க்க வந்துவிடுவார்கள். முதல்முறை செட்டில், அதாவது மேஸ்திரி சேர்க்கும் வெட்டுக் குழுவில், போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கூலி டன் கணக்கு. வயலில் எத்தனை கரும்பு சாய்த்தீர்கள் என்று யாரும் எண்ண மாட்டார்கள். ஆலை எடைமேடையில் வண்டி ஏறி, இறக்கிவிட்டு, காலி வண்டி மறுபடி ஏறியபின் வருகிற நிகர எடைக்குத்தான் காசு. புது ஆட்கள் இதை மறந்துவிட்டு, கத்தியை வேகமாக வீசுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசித் தடுமாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

1. முன்பணத்தில் கை வைக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

டன்னுக்கு என்ன கூலி என்று எல்லோரும் கேட்பார்கள். அதில் ஏற்றுக்கூலி சேர்ந்ததா, தனியா என்று கேட்பவர் குறைவு. வெட்டுவது, கட்டுவது, வண்டியில் ஏற்றுவது மூன்றும் மூன்று வேலை. சில இடங்களில் மூன்றுக்கும் ஒரே தொகை. சில இடங்களில் ஏற்றத்துக்கு விவசாயி தனியாகத் தருவார். முதலில் கேட்காமல் விட்டால் முதல் லோடு அன்றே சண்டை வரும்.

அடுத்தது வேலை இல்லாத நாட்கள். ஆலை பழுதாகி நிற்கும், மழை பெய்யும், வண்டி வராது. அந்த நாட்களில் சாப்பாட்டுச் செலவு யாருடையது? போக வரப் பயணச் செலவு யாருடையது? வெட்டிப்போடும் நுனித் தோகையான கொழுந்தாடை யாருக்கு? மாட்டுத் தீவனமாக அதற்கும் விலை உண்டு. சில ஊரில் விவசாயி எடுத்துக்கொள்வார், சில ஊரில் வெட்டுகிறவருக்கு விட்டுவிடுவார். வழக்கம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கேட்டுவிடுவதே நல்லது.

முன்பணம் வாங்கினால் தொகை, தேதி, டன்னுக்கு எவ்வளவு கழிப்பார்கள் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த செட்டே வேண்டாம். முன்பணம் தீரவில்லை என்று ஊருக்குப் போகவிடாமல் தடுப்பதும், வேறு வேலைக்குப் போகக் கூடாது என்பதும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். வருவாய்க் கோட்டாட்சியரிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். கரும்பு வெட்டில் குடும்பம் குடும்பமாகச் சிக்கியவர்களை, குறிப்பாக இருளர் மக்களை, அதிகாரிகள் மீட்டு வந்ததும் நம் பக்கத்தில் நடந்ததுதான். எனவே இந்தப் பேச்சை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்.

2. மூட்டையில் என்ன வைப்பது

கத்தி இரண்டு. ஒன்று பிடி கழன்றாலோ முனை உடைந்தாலோ அன்றைய வேலை நின்றுவிடக் கூடாது. கடையில் தொங்குவதை அப்படியே வாங்காமல் கையில் பிடித்து வீசிப் பாருங்கள். முனைப்பக்கம் கனம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கத்தியே தன் எடையில் வெட்டும். பிடிப்பக்கம் கனமாக இருந்தால் தோள்தான் வெட்டும். கூடவே ஒரு அரம், ஒரு தீட்டுக்கல்.

முழுக்கைச் சட்டை குறைந்தது மூன்று வேண்டும். கரும்பின் தோகை ரம்பம் மாதிரி அறுக்கும். தோகையின் அடி மட்டையில் இருக்கும் சுணை (முடி போன்ற நுண்முள்) தோலில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும். பனியனோடு இறங்கும் பையன்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். மதியத்துக்குள் யாரிடமாவது சட்டை கடன் கேட்பார்கள்.

காலுக்கு மூடிய ஷூ, முடிந்தால் கணுக்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ். வெட்டிய தூர் (அடிக்கட்டை) ஈட்டி போல நிற்கும், ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். இடது கைக்கு ஒரு உறை. தலைக்குத் துண்டு, அதுவே ஏற்றத்தின்போது சும்மாடு. டார்ச், தார்ப்பாய், ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர் கேன். ஆதார், ரேஷன் கார்டு இரண்டின் நகல். கிளம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

3. முகாம் போடும் இடம்

வெட்டப் போகும் வயலுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டால் நடை மிச்சம் என்று தோன்றும். சோகை (கரும்பின் உலர்ந்த இலை) குவிந்த இடத்துக்கு அருகே அடுப்பு எரிவது ஆபத்து. காய்ந்த சோகை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். வயலுக்கும் முகாமுக்கும் நடுவே வெறும் நிலமோ ரோடோ இருக்கட்டும். அடுப்பைக் காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

அடுத்து பம்புசெட் பார்க்க வேண்டும். குடிக்க, குளிக்க, இரண்டுக்கும் அதுதான். மருந்து கலக்கும் தொட்டியில் குடிநீர் பிடிக்காதீர்கள். பெண்கள் இருக்கும் செட் என்றால் மறைவிடத்தை முதல் நாளே ஏற்பாடு செய்ய வேண்டும். அது இல்லையென்றால் அவர்கள் பகலில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள், அதன் விளைவு எட்டாவது பகுதியில் வருகிறது.

நாலு மணிக்கு எழுந்து சமைத்து, ஆறு மணிக்கு ஆணுக்குச் சமமாக வெட்டி, இருட்டியபின் மறுபடி அடுப்பு என்பது பெரும்பாலான செட்களில் பெண்களின் கணக்கு. கூலி பங்கில் அடுப்பு வேலை வருவதில்லை. முறை வைத்துச் சமைக்கும் செட்களும் உண்டு, அங்கே எல்லோரும் நேரத்துக்கு வயலில் இறங்குகிறார்கள்.

4. வெட்டு உத்தரவும் வண்டியும் உறுதியான பிறகே கத்தி

ஆலையில் பதிவான கரும்புக்கு வெட்டு உத்தரவு வரும். கரும்பின் வயசு, ரகம், பிரிக்ஸ் மீட்டரில் காட்டும் இனிப்பு ஆகியவற்றைப் பார்த்து ஆலையின் கரும்பு அலுவலர்கள் முறை வைத்துக் கொடுப்பார்கள். மூங்கில்துறைப்பட்டு, பெரியசெவலை, சேத்தியாத்தோப்பு என எந்தக் கூட்டுறவு ஆலையானாலும் அடிப்படை இதுதான்.

உத்தரவு வந்துவிட்டது, வண்டி நாளை வரும் என்று விவசாயி சொன்னவுடன் அரை ஏக்கரைச் சாய்த்துப்போடுவது புது செட்களின் பெரிய தப்பு. வெட்டிய கரும்பு நிமிஷத்துக்கு நிமிஷம் காய்கிறது. ஈரம் போனால் எடை போகும், உள்ளே சர்க்கரையும் உடைந்து குறையும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாள் வெயிலில் கிடந்த கரும்பை நீங்கள் வெட்டியது முழு எடையில், கூலி வாங்குவது குறைந்த எடையில்.

ஆகவே டிரைவரிடமே போனில் பேசுங்கள். ஆலை யார்டில் எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்று கேளுங்கள். நெரிசல் என்றால் ஒரு லோடுக்கு மட்டும் வெட்டுங்கள். பழகிய ஆள் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு டன்னைச் சுற்றி வெட்டிக் கட்டுவார். புது ஆள் அதில் பாதியில் தொடங்குவார். ஏக்கருக்கு 40 டன் விளைந்த வயல் என்றால் பன்னிரண்டு பேர் செட்டுக்கு மூன்று, நான்கு நாள் வேலை. இந்தக் கணக்கை வைத்து வண்டி பேசினால் கரும்பும் காத்திருக்காது, வண்டியும் காத்திருக்காது.

விவசாயி வெட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்ணீர் நிறுத்தியிருக்கிறாரா என்றும் பாருங்கள். நிறுத்தாத வயலில் டிராக்டர் புதையும். பிறகு ஒவ்வொரு கட்டையும் ரோடு வரை தலையில் சுமக்க வேண்டியதுதான்.

5. இறங்கும் முன் ஒரு சுற்று

வயலைச் சுற்றி முழுதாக ஒருமுறை நடக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் இதைத்தான் விடுகிறார்கள்.

முதலில் மின்வேலி. காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாகக் கம்பி கட்டி மின்சாரம் விடுகிறார்கள். சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது. கம்பி கண்ணில் பட்டால் விவசாயியை வரவழைத்து இணைப்பைத் துண்டித்து, கம்பியைச் சுருட்டிய பிறகே இறங்குங்கள். "ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, போ" என்பதை நம்பி இறங்காதீர்கள்.

பிறகு கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, தேன்கூடு, குளவிக்கூடு. வண்டி எந்த மூலையில் நிற்கும், எந்தத் தடத்தில் வெளியேறும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெட்டு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளே தொடங்கினால் வண்டிக்கு வழி திறக்காது.

பன்றி, நரி, பாம்பு எல்லாம் வெட்ட வெட்டப் பின்வாங்கி நடுவில் சேரும். நாலு பக்கமும் வளைத்து வெட்டி நடுவில் ஒரு திட்டை மிச்சம் வைத்தால், கடைசி அரை மணி நேரம் எல்லாம் சேர்ந்து உங்கள் காலடியில் ஓடும். ஒரு பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போங்கள், அவற்றுக்கு ஓட ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

6. வெட்டு

ஆளுக்கு இரண்டு பார் (கரும்பு வரிசை) எடுத்துக்கொண்டு நடுவில் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். பக்கத்து ஆளின் கத்தி வீச்சு உங்களை எட்டாத தூரம். ஒருவர் முந்திப் போய்விட்டால் அவர் காத்திருக்கட்டும். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று கோணலாக வெட்டும்போதுதான் கத்தி ஆள் மேல் விழுகிறது.

இடது கையால் கரும்பின் நடுப்பகுதியைப் பிடித்து, லேசாக வெளிப்பக்கம் வளைத்து, குனிந்து, தரையோடு தரையாக ஒரே வெட்டு. வீச்சு உங்கள் காலுக்கு வெளியே போகிற திசையில் இருக்க வேண்டும். இடது கால் பின்னால் இருக்கட்டும்.

தரையோடு ஏன்? கரும்பின் சர்க்கரை அடிக்கணுக்களில்தான் அதிகம், எடையும் அங்கேதான். ஒரு சாண் உயரத்தில் வெட்டினால் அந்த ஒரு சாண் வயலிலேயே நின்றுவிடும். அது உங்கள் கூலி. விவசாயிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் பருவிலிருந்து மறுதாம்பு, அதாவது அதே தூரில் மறுபடி வளரும் கரும்பு, கிளம்பினால்தான் வேர் ஆழமாகப் பிடிக்கும். உயரமாக விட்ட கட்டையிலிருந்து மேல்பருக்கள் முளைத்து நோஞ்சானாக வரும். அடுத்த வருஷம் உங்களை அவர் கூப்பிடமாட்டார்.

இதில் ஒரு நுணுக்கம். கரும்புக்கு மண் அணைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் மேட்டை விட்டு மேலே வெட்டுவது புது ஆள். மேட்டைக் கத்தி முனையால் தள்ளிவிட்டு வெட்டுவது பழைய ஆள். கத்தி சீக்கிரம் மழுங்கும், வேறு வழியில்லை. மொக்கைக் கத்தியோடு மல்லுக்கட்டினால் தூர் நார் நாராகப் பிளந்து மறுதாம்புக்கு நோய் ஏறும், உங்கள் தோளும் போகும். முழங்கை வலிக்கும் முன்பே அரத்தை எடுங்கள்.

சாய்ந்த வெட்டு வேண்டாம். கூர்முனைத் தூர் அடுத்த ஆளின் உள்ளங்காலுக்கு.

வெட்டியபின் அதே கரும்பைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக் கத்தியின் பின்பக்கத்தால் சோகையைச் சீவி, கடைசியாகக் கொழுந்தை வெட்ட வேண்டும். இந்த மூன்றையும் பிடியை மாற்றாமல் செய்யப் பழகினால் வேகம் தானாக வரும். எல்லாவற்றையும் முதலில் சாய்த்துப்போட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்துச் சோகை உரிப்பவர்களுக்கு ஒரு கரும்புக்கு இரண்டு தரம் குனியும் வேலை. மாலையில் இடுப்பு சொல்லும்.

கொழுந்தை எங்கே வெட்டுவது என்பதில் எப்போதும் தகராறு. நுனியைக் கையால் வளைத்தால் இயல்பாக ஒரு கணுவில் ஒடியும், அந்த இடம்தான். அதற்கு மேலே விட்டால் எடை கூடும் என்று நினைத்து நீளமாக விடுவார்கள். கொழுந்தில் சர்க்கரை மிகக் குறைவு. ஆலை யார்டில் சோகை, வேர், மண், கொழுந்து என்று பார்த்து எடையில் கழிவு போட்டால் நீங்கள் திருட நினைத்ததைவிட அதிகம் போகும். மொத்த வண்டிக்கும் சேர்த்துப் போகும், அதுதான் மற்றவர்களுக்குக் கோபம்.

காற்றில் சாய்ந்து பின்னிக் கிடக்கும் வயல் வேறு மாதிரி. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது தூர் தெரிகிற பக்கமாக நின்று வெட்டி, அடியைப் பிடித்து இழுத்து உருவ வேண்டும். நுனிப்பக்கமிருந்து நுழைந்தால் தோகைக் காட்டுக்குள் கண் மூடிப் போவது மாதிரிதான், காலடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இப்படிப்பட்ட வயலுக்குக் கூலியைக் கூட்டிப் பேசுவது நியாயம். இறங்கும் முன்பே பேசுங்கள்.

சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டினால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். எரிந்த கரும்பு இன்னும் வேகமாகக் கெடும், ஆலையில் விலையும் குறைப்பார்கள். அந்த யோசனையை மேஸ்திரி சொன்னாலும் விவசாயியைக் கேட்காமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள்.

7. கட்டும் அடுக்கும்

பதினைந்து, இருபது கரும்பு ஒரு கட்டு. கொழுந்தாடையில் இரண்டு மூன்றை முறுக்கிக் கயிறாக்கி இரண்டு இடத்தில் கட்டினால் போதும். நைலான் கயிறு வேண்டாம், அரவையில் சிக்கும்.

பலசாலி என்று காட்டப் பெரிய கட்டாகக் கட்டும் பையன்கள் உண்டு. அந்தக் கட்டை ஏற்றப்போவது அவர்கள் மட்டுமல்ல. செட்டில் மெலிந்த ஆள் எவ்வளவு தூக்குவாரோ, கட்டு அந்த அளவுதான்.

அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசையில், வண்டி வரும் பக்கமாக இருக்கட்டும். கட்டுகளுக்கு நடுவே நடக்க ஒரு தடம் விடுங்கள். வண்டி மாலையில்தான் வரும் என்றால் மேலே சோகையைப் போட்டு மூடுங்கள், கரும்பு காய்வது குறையும்.

8. வெயிலும் தண்ணீரும்

கரும்புத் தோட்டத்துக்குள் காற்று வராது. வெளியே இருப்பதைவிட உள்ளே புழுக்கம் அதிகம். மாசி, பங்குனியில் பதினோரு மணிக்கே தலை சுற்றும். எனவே ஆறு மணிக்கு இறங்கி பதினொன்றுக்குள் பெரும் பங்கை முடித்து, மூன்று மணி வரை நிழல், பிறகு மறுபடி இரண்டு மூன்று மணி நேரம். டன் கணக்குக் கூலி என்பதால் யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள், நீங்களே உட்கார வேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். கேன் முகாமில் இருந்தால் யாரும் போய்க் குடிப்பதில்லை, பார் முடிகிற வரப்பில் இருந்தால் திரும்பும்போதெல்லாம் குடிப்பார்கள். காலையில் நீராகாரமோ கேழ்வரகுக் கூழோ, நடுவில் உப்புப் போட்ட மோர். வாந்தி, தசைப்பிடிப்பு என்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ, நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இதை லேசாக எடுக்க வேண்டாம். நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்களுக்கு, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே, சிறுநீரகம் கெட்டுப்போவதை மருத்துவர்கள் பல வருஷமாக ஆராய்கிறார்கள். வெயிலில் கடும் உழைப்பும் நீர் வற்றுவதும் முக்கியக் காரணமாகப் பேசப்படுகின்றன. அங்கே செட்களுக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்குபடுத்திப் பார்க்கிறார்கள்.

நம் செட்களில் இன்னொரு பழக்கம், உடம்பு வலிக்கு ராத்திரி ஒரு மாத்திரை, காலையில் ஒரு மாத்திரை. பெட்டிக்கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளில் பலவும் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். சாராயம் அதைவிட மோசம், மறுநாள் வெயிலில் அதன் கணக்கு தெரியும்.

9. காயம், பாம்பு, காய்ச்சல்

கத்தி வெட்டு பெரும்பாலும் இடது கை, இடது முழங்காலுக்குக் கீழே. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், மண்ணையும் காப்பித்தூளையும் அப்பாதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்கவிடாமல், அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான் செலவில்லாமல் கிடைக்கும். பாம்பை அடித்து எடுத்துவர நேரம் வீணாக்காதீர்கள். வயலுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதை முகாம் போட்ட அன்றே கேட்டு வையுங்கள்.

எலி நிறைந்த ஈர வயலில் வேலை செய்து, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் "கரும்பு வெட்டுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அவர் அதற்கான சோதனையை எழுத அந்த ஒரு வார்த்தை உதவும்.

10. ஏற்றம்

களைத்த உடம்போடு செய்யும் வேலை இது. பலகை சாய்த்து, சும்மாடு வைத்து, கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வண்டி மேல் நடக்க வேண்டும். ஏறும் முன் பலகையின் மேல்முனை வண்டியில் கொக்கியோ கயிறோ போட்டு நிலையாக இருக்கிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். அடியில் கல் கொடுங்கள். பலகையில் ஒட்டிய ஈரச் சோகையை அடிக்கடி தட்டிவிடுங்கள், வழுக்குவது அதில்தான்.

மேலே நின்று அடுக்க இரண்டு அனுபவ ஆட்கள் போதும். அடியும் நுனியும் மாற்றி மாற்றி அடுக்கினால் லோடு சரியாது. ஒரு பக்கம் கனத்தால் வாய்க்கால் ஏறும்போதே கவிழும். மின்கம்பிக்குக் கீழே ஏற்றம் கூடவே கூடாது. ஏற்றம் முடிந்ததும் வண்டி மேலேயே உட்கார்ந்து ரோடு வரை போகும் பழக்கத்தைச் செட்டுக்குள் யாருக்கும் விடாதீர்கள். ராத்திரி கிளம்பும் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டையோ விளக்கோ இல்லையென்றால் டிரைவரிடம் சொல்லுங்கள்.

11. சீட்டும் நோட்டும்

வண்டி ஆலைக்குப் போய்த் திரும்பியதும் எடைச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தேதி, வண்டி எண், மொத்த எடை, காலி எடை, கழிவு, நிகர எடை இருக்கும். நிகரத்தை மட்டும் மேஸ்திரி வாயால் சொல்லிக் கணக்கு வைத்தால் சீசன் முடிவில் யார் நோட்டு சரி என்று தெரியாது. செட்டில் படித்த பையனோ பெண்ணோ ஒருவர் லோடு வாரியாக எழுதட்டும், எல்லோரும் பார்க்கும்படி.

பங்கு பிரிப்பது இரண்டு வகை. செட்டில் எல்லோருக்கும் சமம், அல்லது கட்டு எண்ணி ஆளுக்கு ஆள். புது ஆட்கள் இருக்கும்போது சமப் பங்கில் பழைய ஆட்கள் முணுமுணுப்பார்கள், கட்டுக் கணக்கில் புது ஆள் கொழுந்தை நீளமாக விட்டுக் கட்டைப் பருமனாக்குவார். முதல் மாதம் கட்டுக் கணக்கு வேண்டாம் என்பது என் எண்ணம், தரையோடு வெட்டும் பழக்கம் அதில் கெட்டுப்போகிறது. கணவன் மனைவியாக வருபவர்களை ஒரே பங்காக எழுதி, ஆணின் கையில் மட்டும் கொடுப்பது பல செட்களில் வழக்கம். இரண்டு பெயர், இரண்டு வரி என்று முதல் நாளே எழுதச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை செலவுக்கு வாங்கும் காசு, அரிசி மளிகை, முன்பணக் கழிவு மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். சீசன் முடிந்து மூட்டை கட்டும்போது கடைசி இரண்டு மூன்று லோடின் சீட்டு இன்னும் வந்திருக்காது. லாரி ஏறும் அவசரத்தில் அதை விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். அந்த வண்டிகளின் எண்ணையும் விவசாயியின் போன் எண்ணையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள், மேஸ்திரி சொல்லும் எடையை விவசாயியிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.